கியர் தானாக மாறும். எண்ணெய் தானாக மாறாது!

ஆட்டோமாட்டிக் காரை வீட்டிலேயே காப்பாற்றும் வழிகள்

விடியற்காலை 5 மணி.

வாசல் தெளிக்க வந்த பாட்டி திடுக்கிட்டு நிற்கிறாள். கார் நிற்கும் இடத்தில், சிமெண்டுத் தரையில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை!

"தம்பி, இங்கே ஓடி வா! பூனை ஏதாவது அடிபட்டுக் கிடக்குதா, பாரு. ரத்தமா இருக்குதே!"

மகன் ஓடி வருகிறான். குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்க்கிறான். வழுவழு என்று இருக்கிறது.

"ரத்தம் இல்லேம்மா, எண்ணெய்."

"கார் எண்ணெய் கறுப்பாத்தானே இருக்கும்? இது என்னடா சிவப்பு?"

அன்று காலை குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் புறப்பட ஏற்பாடு. பெட்டி கட்டியாகிவிட்டது. புளிக்காய்ச்சல் தயார். பிள்ளைகள் இரவெல்லாம் தூங்கவில்லை. மலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் காத்து இருக்கின்றன.

போவதா, நிற்பதா?

இப்படி ஒரு காலை எந்த வீட்டுக்கும் வரலாம். அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்து இருந்தால் பணம் மிஞ்சும். சில சமயம் உயிரும் மிஞ்சும்.

பாட்டி பார்த்தது ரத்தம் அல்ல. ஆனால், ஆட்டோமாட்டிக் காருக்கு அதுதான் ரத்தம்!

கிளச் எங்கே போயிற்று?

சாதாரணக் காரில் காலுக்குக் கீழே மூன்று மிதிகள் இருக்கும். கிளச், பிரேக், ஆக்சிலேட்டர்.

ஆட்டோமாட்டிக் காரில் இரண்டுதான். கிளச் மிதி கிடையாது. இடது காலுக்கு முழு ஓய்வு. கியரைக் கையால் மாற்ற வேண்டியது இல்லை. வேகத்தைப் பார்த்து, கார் தானே மாற்றிக்கொள்கிறது.

அப்படியானால் என்ஜினையும் சக்கரத்தையும் இணைப்பது எது?

எண்ணெய்தான்!

நம்பக் கஷ்டமாக இருக்கிறதா? இரண்டு மின்விசிறிகளை எதிர் எதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்று பட்டு, மின்சாரம் இல்லாத மற்ற விசிறியும் மெல்லச் சுழலும்.

ஆட்டோமாட்டிக் கியரிலும் அதே சங்கதிதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். மூடிய உருண்டைக்குள் இரண்டு சக்கரங்கள். என்ஜின் ஒன்றைச் சுழற்றுகிறது. அது எண்ணெயை வாரி அடிக்கிறது. எண்ணெயின் வேகத்தில் மற்றச் சக்கரம் சுழலுகிறது. நடுவில் உள்ள மூன்றாவது சிறு சக்கரம், எண்ணெயைத் திருப்பிவிட்டு இழுவை சக்தியைக் கூட்டுகிறது.

இதற்கு "டார்க் கன்வர்ட்டர்" என்று பெயர்.

இதனால்தான் சிக்னலில் காரை நிறுத்தினாலும் என்ஜின் அணைவது இல்லை. எண்ணெய் வழுக்கிக்கொண்டு இருக்கும். பிரேக்கை விட்டதும் கார் மெல்ல நகரும்.

சூரியனும் கோள்களும்

அதற்குப் பின்னால் கியர் பெட்டி இருக்கிறது. அதற்குள் நடுவில் ஒரு பல் சக்கரம். அதைச் சுற்றிச் சிறு பல் சக்கரங்கள். எல்லாவற்றையும் சுற்றி ஒரு பெரிய வளையம்.

நடுவில் இருப்பதற்குச் "சூரியன்" என்றும், சுற்றி வருபவற்றுக்குக் "கோள்கள்" என்றும் என்ஜினீயர்கள் பெயர் வைத்து இருக்கிறார்கள்.

இவற்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். பிடிப்பதும் விடுவதும் கிளச் தட்டுகளின் வேலை. அந்தத் தட்டுகளை அழுத்துவது எண்ணெய். அதற்கு அழுத்தம் கொடுப்பது, என்ஜின் ஓடும்போது மட்டும் ஓடும் ஒரு சிறு பம்பு.

ஆகவே, இந்த எண்ணெய்க்கு நாலு வேலை. சக்தியைக் கடத்துவது ஒன்று. கிளச்சை அழுத்துவது இரண்டு. பல் சக்கரங்களைத் தேயாமல் காப்பது மூன்று. சூட்டைச் சுமந்து வெளியே கொண்டு போவது நாலு.

எண்ணெய் குறைந்தால் நாலும் கெடும்!

கப்பலில் பிறந்தது

இந்த எண்ணெய் வித்தை முதலில் காருக்காகப் பிறக்கவில்லை. கப்பலுக்காகப் பிறந்தது.

ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற என்ஜினீயர் இருந்தார். கப்பல் கட்டும் தளத்தில் வேலை. வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை, மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறியோடு இணைப்பது எப்படி என்று யோசித்தார். திரவத்தைக் கொண்டு இணைக்கலாம் என்று கண்டுபிடித்தார். 1905-ம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

பிறகு அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி அதே வழியில் காருக்கு ஒரு கியர் பெட்டி செய்தது. "ஹைட்ரா மாட்டிக்" என்று பெயர். 1939-ம் ஆண்டு வெளிவந்த 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் அது பொருத்தப்பட்டது. முன்னே போக நாலு கியர். கிளச் மிதி இல்லை.

இரண்டாவது உலகப் போரில் அமெரிக்க டாங்கிகள் சிலவற்றிலும் இதே கியர் பெட்டி ஓடியது.

தொழிற்சாலையில் தீ!

1953-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ந் தேதி.

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், லிவோனியா என்ற ஊர். அங்கேதான் ஹைட்ரா மாட்டிக் தொழிற்சாலை இருந்தது. இரும்பு வெட்டும் விளக்கில் இருந்து தெறித்த தீப்பொறி, அங்கு இருந்த எண்ணெயில் விழுந்தது.

தீ கூரைக்கு ஏறியது. பிரமாண்டமான தொழிற்சாலை சாம்பல் ஆயிற்று. உயிர்ச் சேதமும் ஏற்பட்டது.

பல கம்பெனிகள் கியர் பெட்டி இல்லாமல் திண்டாடின. கேடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் சிலவற்றுக்கு, பியூக் காரின் "டைனாஃப்ளோ" கியர் பெட்டியைக் கடன் வாங்கி மாட்டினார்கள். பிறகு வில்லோ ரன் என்ற இடத்தில் வேறு தொழிற்சாலை தொடங்கியது.

கிளச் இல்லாத காருக்கு மக்கள் அவ்வளவு பழகிவிட்டார்கள். பழைய கியருக்குத் திரும்ப அவர்களுக்கு மனம் இல்லை!

திமிங்கிலம் கொடுத்த எண்ணெய்

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள்.

அந்தக் காலத்து ஆட்டோமாட்டிக் எண்ணெயில் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள்! கிளச் தட்டுகள் அதிராமல், இழுக்காமல் வழுவழு என்று பிடிப்பதற்கு அது உதவியது.

1970-ம் ஆண்டில் அந்த இனத் திமிங்கிலத்தை, அழிந்து வரும் உயிரினங்களின் பட்டியலில் அமெரிக்க அரசு சேர்த்தது. திமிங்கில எண்ணெய்க்கு வழி அடைபட்டது. ரசாயன நிபுணர்கள் வேறு பொருள்களைக் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள்.

இன்று உங்கள் காரில் இருக்கும் எண்ணெயில் திமிங்கிலம் இல்லை. ஆனால் பல ரசாயனங்கள் அளந்து சேர்க்கப்பட்டு இருக்கின்றன. அதனால்தான் ஒரு காரின் எண்ணெய் இன்னொரு காருக்கு ஆகாது.

உங்கள் கார் எந்த வகை?

"ஆட்டோமாட்டிக்" என்று பொதுவாகச் சொன்னாலும் நாலு வகை உண்டு. எது நம்முடையது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று: மேலே சொன்ன டார்க் கன்வர்ட்டர் வகை.

இரண்டு: ஏ.எம்.டி. இதில் சாதாரணக் கிளச்சும் சாதாரணக் கியரும்தான் இருக்கின்றன. நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு இயந்திரம் மாற்றுகிறது. 2014-ம் ஆண்டு மாருதி செலேரியோ கார் மூலம் இது இந்தியாவுக்கு வந்தது.

மூன்று: சி.வி.டி. இதில் படிப்படியான கியர் கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு பட்டை ஓடுகிறது. கப்பி விரிந்தும் சுருங்கியும் வேகத்தை மாற்றும். ஹாலந்து நாட்டு டாஃப் கார் 1958-ம் ஆண்டிலேயே ரப்பர் பட்டையால் இப்படி ஓடியது. இப்போது பெரும்பாலும் உருக்குப் பட்டை.

நாலு: இரட்டைக் கிளச் வகை. ஒரு கிளச் ஒற்றைப்படைக் கியர்களுக்கு. மற்றொன்று இரட்டைப்படைக் கியர்களுக்கு. 2003-ம் ஆண்டில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி இதைச் சாலைக் காருக்குக் கொண்டுவந்தது.

காரோடு கொடுத்த கையேட்டுப் புத்தகத்தில் வகையும், ஊற்ற வேண்டிய எண்ணெயின் பெயரும் அச்சிட்டு இருக்கும். பலர் அந்தப் புத்தகத்தைப் பிரிப்பதே இல்லை. முதல் வேலையாக அதை எடுத்துப் படியுங்கள். ஆயிரம் ஆலோசனைகளைவிட அந்தப் பக்கம் மேல்.

முதல் பாடம்: அட்டை

வீட்டில் செய்யக்கூடிய பரீட்சைகளிலே சுலபமானது ஒன்று உண்டு. செலவு கிடையாது. குழந்தைகளும் உதவலாம்.

இரவு கார் நின்றதும் அதன் அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தையோ, பழைய அட்டையையோ தள்ளி வையுங்கள். காலையில் இழுத்துப் பாருங்கள்.

கறுப்பு அல்லது பழுப்புச் சொட்டு என்றால் என்ஜின் எண்ணெயாக இருக்கலாம்.

பச்சை, நீலம் போன்ற நிறத்தில் தண்ணீராக இருந்தால் ரேடியேட்டர் நீர். ரோஜா நிறத்திலும் அது இருப்பது உண்டு. தொட்டால் எண்ணெய்போல வழுக்காது.

நிறமே இல்லாத சுத்தமான தண்ணீர் என்றால் கவலை வேண்டாம். அது ஏ.சி. நீர்.

சிவப்பாக, வழுவழு என்று இருந்தால் கியர் எண்ணெய் என்று சந்தேகிக்க வேண்டும். ஸ்டீயரிங் எண்ணெயும் சில கார்களில் சிவப்புதான். கறை எந்த இடத்துக்கு நேர் கீழே விழுந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்குக் கண்டுபிடிக்கச் சுலபமாக இருக்கும்.

அளவு பார்ப்பது எப்படி?

பழைய கார்கள் பலவற்றிலும், புதிய கார்கள் சிலவற்றிலும் கியர் எண்ணெய்க்கு என்று தனி டிப் ஸ்டிக் உண்டு. என்ஜின் எண்ணெய் டிப் ஸ்டிக் வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ளக் கூடாது.

பல கார்களுக்கு முறை இதுதான்:

சமதரையில் காரை நிறுத்துங்கள். முன்னதாக 15, 20 நிமிஷம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்குங்கள்.

ஹேண்ட் பிரேக் போடுங்கள். பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, கியர் கம்பியை ஒவ்வோர் இடத்திலும் சில விநாடி வையுங்கள். கடைசியில் "பி"யில் விடுங்கள்.

என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். டிப் ஸ்டிக்கை உருவி, நூல் உதிராத துணியால் துடையுங்கள். பனியன் வேஸ்ட் வேண்டாம். ஒரு சிறு நூல் உள்ளே போனாலும் எண்ணெய் வழியை அடைக்கும்.

மறுபடி முழுவதும் செருகி உருவுங்கள். சூட்டுக்கு உரிய இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் நின்றால் சரி.

சில கம்பெனிகளின் கார்களில் என்ஜினை அணைத்த உடனே பார்க்க வேண்டும். கையேட்டில் என்ன சொல்லி இருக்கிறதோ அதுவே சட்டம்.

குறைந்து இருந்தால் சிறு புனல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஊற்றி ஊற்றிப் பாருங்கள். அவசரப்படாதீர்கள்.

அதிகம் ஊற்றினால் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு! குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். அதிகமானால் பல் சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். மோர் கடைவதுபோலத்தான். நுரைக்கு அழுத்தும் சக்தி கிடையாது. கிளச் தட்டு வழுக்கிக் கருகிவிடும்.

இன்னொன்று. கியர் பெட்டி எண்ணெயைக் குடிப்பது இல்லை, எரிப்பதும் இல்லை. அளவு குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஊற்றிவிட்டு மறந்துவிடக் கூடாது.

நிறமும் வாசனையும்

டிப் ஸ்டிக்கில் ஒட்டிய எண்ணெயை வெள்ளைத் துணியில் தடவிப் பாருங்கள்.

தெளிந்த சிவப்பு: நல்லது.

லேசான பழுப்பு: வயதாகிறது. மாற்றும் நாள் வந்ததா என்று கையேட்டில் பார்க்க வேண்டும்.

கறுப்பு நிறம், கருகிய வாசனை: கிளச் தட்டு தீய்ந்து இருக்கிறது. உடனே மெக்கானிக்.

பாலில் ரோஜாப்பூவைக் கரைத்ததுபோல வெளுத்த நிறம்: ஆபத்து! உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. பல கார்களில் கியர் எண்ணெயைக் குளிர வைக்கும் குழாய் ரேடியேட்டருக்குள் ஓடுகிறது. அங்கே ஓட்டை விழுந்தால் இரண்டும் கலந்துவிடும். கிளச் தட்டில் ஒட்டி இருக்கும் மேல்தாள் தண்ணீர் பட்டால் உரிந்துபோகும். காரை ஓட்டக் கூடாது.

சிவப்பே எப்போதும் அடையாளம் என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது வேறு நிறங்களிலும் எண்ணெய் வருகிறது. புதிய எண்ணெயை ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் எடுத்து வைத்து ஒப்பிடுவது நல்ல பழக்கம்.

டிப் ஸ்டிக் இல்லாத கார்

"எங்கள் காரில் டிப் ஸ்டிக்கையே காணோமே!" என்பவர்கள் இன்று நிறையப் பேர்.

அவை மூடிய வகை. காரை மட்டமாகத் தூக்கி நிறுத்தி, எண்ணெயின் சூட்டைக் கருவியால் அளந்து, அடியில் உள்ள ஒரு போல்ட்டைக் கழற்றி, மெல்லிய தாரையாக வழிகிறதா என்று பார்த்து அளவு கணிப்பார்கள். சூடு சில டிகிரி தவறினாலும் கணக்குத் தவறும். இதைப் பட்டறைக்கு விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

"ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம்" என்று சில எண்ணெய்களுக்குச் சொல்கிறார்கள். யாருடைய ஆயுள்? காரின் ஆயுளா, எண்ணெயின் ஆயுளா?

மலைப் பாதை, கடும் வெயில், நெரிசல், அதிக பாரம் ஆகியவற்றில் ஓடும் காருக்கு முன்னதாகவே எண்ணெய் மாற்ற வேண்டும் என்று பல கையேடுகள் தனியாக அச்சிட்டு இருக்கின்றன. அந்தச் சிறிய எழுத்தையும் படிக்க வேண்டும்.

சூடுதான் எண்ணெயின் பகைவன். 80 டிகிரி செல்சியசுக்கு மேலே ஒவ்வொரு 10 அல்லது 11 டிகிரி ஏறும்போதும் எண்ணெயின் ஆயுள் பாதியாகிறது என்பது தொழிலில் உள்ளவர்களின் தோராயக் கணக்கு.

வீட்டில் எண்ணெய் மாற்றலாமா?

கை வேலையில் பழக்கம் உள்ளவர்கள், டிப் ஸ்டிக் உள்ள காருக்கு, வீட்டில் மாற்றலாம். மற்றவர்கள் பார்த்துத் தெரிந்துகொண்டால் போதும். பட்டறையில் சரியாகச் செய்கிறார்களா என்று கவனிக்க அது உதவும்.

முதலில் உயிர், பிறகு கார்!

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது. செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பதும் கூடாது. செங்கல் ஒரு நொடியில் நொறுங்கிவிடும். காரின் பாரத்துக்கு ஏற்ற இரும்பு ஸ்டாண்டுகளைக் கெட்டித் தரையில் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரை அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். தனியாக இருக்கும்போது இந்த வேலை வேண்டாம். குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது.

என்ஜினை அணைத்து, எண்ணெய் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு தொடங்குங்கள். கொதிக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும்.

அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றி எண்ணெயைத் தட்டில் பிடியுங்கள். போல்ட் இல்லாத காரில் அடித்தட்டையே ஒரு பக்கம் தளர்த்தி வடிக்க வேண்டும்.

வடிந்த எண்ணெயை அளந்து எழுதி வையுங்கள். இதுதான் முக்கியம். ஏனென்றால் முழு எண்ணெயும் வடியாது. டார்க் கன்வர்ட்டருக்குள் பெரும் பங்கு தங்கிவிடும். பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கில் இருந்து பாதி வரைதான் வெளியே வரும். வந்த அளவே ஊற்ற வேண்டும்.

அடித்தட்டுக்குள் ஒரு காந்தம் ஒட்டி இருக்கும். அதன்மேல் சாம்பல் நிறச் சேறு மெல்லியதாகப் படிந்து இருந்தால் பயப்படாதீர்கள். அது வழக்கமான தேய்மானம். கையில் குத்தும் இரும்புச் சீவல்கள் இருந்தால், பல் சக்கரம் உடைகிறது என்று பொருள்.

வடிகட்டி இருந்தால் புதியது போடுங்கள். கேஸ்கட்டையும் புதிதாகப் போடுங்கள். போல்ட்டுகளை எதிர் எதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். எவ்வளவு முடுக்குவது என்பதும் பழுதுபார்க்கும் புத்தகத்தில் இருக்கும். பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை உரிந்துவிடும்.

எண்ணெய் ஊற்றி, என்ஜினை ஓட்டி, கியர் கம்பியை ஒவ்வோர் இடத்துக்கும் நகர்த்தி, மறுபடி அளவு பாருங்கள்.

"சிவப்பு எண்ணெய் எல்லாம் ஒன்றுதானே!" என்று கடைக்காரர் சொல்லலாம். கேட்காதீர்கள். சி.வி.டி.க்கு உரிய எண்ணெய் வேறு. இரட்டைக் கிளச்சுக்கு வேறு. ஏ.எம்.டி.க்கு வேறு. டப்பாவில் உள்ள பெயரும் கையேட்டில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும்.

பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ, தென்னை மரத்தடியிலோ கொட்டாதீர்கள். மண்ணும் கிணற்று நீரும் பாழாகும். அதே டப்பாவில் ஊற்றி மூடி, பழைய எண்ணெயை முறைப்படி மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டும் கையிலும் இருக்கிறது

ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவர்களும் கியர் பெட்டியைக் காப்பாற்றலாம். எப்படி? ஒழுங்காக ஓட்டினால் போதும்.

கார் முழுவதும் நின்ற பிறகே "டி"யில் இருந்து "ஆர்"க்கு மாற்றுங்கள். பின்னே உருளும்போது முன் கியர் போட்டால், கார் வேகத்தைக் கிளச் தட்டுகள் தாங்க வேண்டி வரும்.

இறக்கத்தில் "என்"னில் விட்டு உருட்டாதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்பது வெறும் நினைப்பு. என்ஜின் பிடிமானம் போய், பிரேக் சூடாகி, கால் மிதித்தும் கார் நிற்காமல் போகும். மலையில் இறங்கும்போது தாழ்ந்த கியரில் வையுங்கள்.

ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துக் காரைத் தாங்காதீர்கள். பிரேக்கைப் பயன்படுத்துங்கள். ஏ.எம்.டி. காரில் இந்தப் பழக்கம் கிளச்சைச் சீக்கிரம் தின்றுவிடும்.

நிறுத்தும்போது ஒரு வரிசை உண்டு. கால் பிரேக், பிறகு "என்", பிறகு ஹேண்ட் பிரேக். காலை எடுத்துக் கார் ஹேண்ட் பிரேக்கில் நிற்கட்டும். கடைசியாகப் பிரேக்கை மிதித்து "பி".

"பி" என்பது உள்ளே ஒரு சிறு இரும்புக் கொக்கி. சரிவில் முழுக் காரின் பாரத்தையும் அந்தக் கொக்கியில் தொங்கவிடலாமா?

என்ஜினை ஓடவிட்டு, பிள்ளைகளைக் காரில் வைத்துவிட்டு இறங்கிப் போகவே கூடாது. கிளச் இல்லாத காரில் கம்பி ஓர் இடம் நகர்ந்தால் போதும், கார் புறப்பட்டுவிடும்.

வெள்ளமும் கயிறும்

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சென்னையில் வெள்ளம் வந்தபோது எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. கியர் பெட்டியில் காற்றுப் போக ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியாகவும் தண்ணீர் நுழையும்.

மூழ்கிய காரை "ஸ்டார்ட் ஆகிறதா" என்று பார்க்கக் கூடாது. எண்ணெயைப் பரிசோதித்த பிறகே என்ஜினை ஓட்ட வேண்டும்.

அதேபோல, நின்றுபோன ஆட்டோமாட்டிக் காரைக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுக்கக் கூடாது. என்ஜின் ஓடவில்லை, ஆகவே எண்ணெய்ப் பம்பும் ஓடாது. சக்கரம் மட்டும் சுழல, உள்ளே எண்ணெய் இல்லாமல் தேய்ந்து கருகும். என்ஜின் சக்தி போகும் சக்கரங்களைத் தரையில் இருந்து தூக்கி இழுக்க வேண்டும். லாரிமேல் ஏற்றிப் போவது எல்லாவற்றையும்விட நல்லது.

இந்தக் குறிகளைக் கண்டால்...

"டி"யில் போட்டும் கார் இரண்டு மூன்று விநாடி யோசித்துப் புறப்படுகிறதா?

என்ஜின் அலறுகிறது, ஆனால் வேகம் ஏறவில்லையா?

கியர் மாறும்போது முதுகில் குத்துவதுபோல உலுக்குகிறதா?

கியர் விளக்கு எரிகிறதா? கருகிய நெடி வீசுகிறதா?

இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். தொடக்கத்தில் காட்டினால் சின்ன வேலை. ஓட்டிக்கொண்டே இருந்தால் கியர் பெட்டியைப் பிரித்துக் கட்ட வேண்டும். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சில கார்களில் லட்சத்தையும் தாண்டும்.

பாட்டியின் கண்

சரி, அந்த வாசல் கறை என்ன ஆயிற்று?

மகன் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறான். எண்ணெய் கீழ்க் கோட்டுக்கும் கீழே. நிறம் சிவப்பு, கருகிய வாசனை இல்லை.

"கொஞ்சம் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடலாமே, அப்பா?" என்கிறாள் மகள்.

"ஒழுகுகிற குடத்தைத் தூக்கிக்கொண்டு மலை ஏறலாமா, கண்ணு?" என்கிறான் அவன்.

தெருமுனை மெக்கானிக் வருகிறார். ரேடியேட்டர் பக்கம் டார்ச் அடித்துப் பார்க்கிறார். எண்ணெயைக் குளிர வைக்கப் போகும் ரப்பர் குழாய் வெடித்து இருக்கிறது. கிளிப்பும் தளர்ந்து இருக்கிறது.

"நல்ல வேளை, சார். மலையில் பாதி ஏறும்போது இந்தக் குழாய் பிடுங்கி இருந்தால் மொத்த எண்ணெயும் ரோட்டில்தான். பெட்டி போயிருக்கும். பிள்ளைகளோடு நடு வளைவில் நின்று இருப்பீர்கள். யார் முதலில் பார்த்தது?"

மகன் பாட்டியைக் காட்டுகிறான்.

"தினம் வாசல் தெளிக்கிறேன். தரை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்கிறாள் பாட்டி.

புதுக் குழாய், புதுக் கிளிப், குறைந்த அளவுக்குச் சரியான எண்ணெய். வேலை முடிந்து அளவும் பார்த்தாயிற்று. ஆனாலும் இரண்டு நாள் அட்டை வைத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று முடிவு.

கொல்லிமலை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போயிற்று. புளிசாதத்தை எல்லோரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இரவு காருக்கு அடியில் அட்டையைத் தள்ளியவள் மகள். விடிந்ததும் பாட்டிக்கு முன்னால் ஓடிப்போய் அதை இழுத்துப் பார்த்தாள்.

அட்டை வெள்ளையாகவே இருந்தது!